பார்வைக்கு மட்டும்

ஜூன் 1, ஞாயிறு

வங்கிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். வீட்டில் பேச ஆள் இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆள் இருக்கிறார். என் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி, வயது ஐம்பத்திரண்டு, கணபதி பகுதியில் இரும்பு வார்க்கிற பவுண்டரி வைத்திருக்கிறார். இதோ எதிர் சோபாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். போனில் ஒரு வெள்ளைக்காரன் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறான். இவர் இமைக்காமல் பார்க்கிறார். மகள் பிறந்தபோது தொட்டிலை இப்படிப் பார்த்தாரா என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

எல்லாம் சென்னியப்பன் அண்ணன் செய்த வேலை. இவருடைய பள்ளிக்கூடச் சினேகிதர், பம்ப்செட் கம்பெனி முதலாளி. தை மாதம் மகன் கல்யாணத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் கைகொடுக்கும்போது சட்டைக் கையை ஒரு மடிப்பு ஏற்றிவிட்டுக்கொண்டார். மணிக்கட்டில் பச்சை டயல் வாட்ச். கம்பெனிப் பேரை எழுதினால் விளம்பரமாகிவிடும். "கடையிலயே கூப்பிட்டுக் குடுத்தாங்க மாப்ள. ரெண்டு வருசம் காத்திருந்தேன்" என்றார். அன்றைக்குப் பிடித்தது இவருக்கு இந்தப் பைத்தியம்.

வேடிக்கை என்னவென்றால், காசைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அந்த வாட்சைக் கொடுக்கமாட்டார்களாம். முதலில் அவர்களிடம் வேறு சாமான்கள் வாங்கவேண்டும். மாதம் ஒருமுறையாவது கடைக்குப் போய் முகம் காட்டவேண்டும். இவர்கள் நல்ல மனிதர்கள்தான் என்று அவர்களுக்குத் தோன்றவேண்டும். பிறகு என்றைக்காவது ஒருநாள் கூப்பிடுவார்கள். பெண் கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு பிகு கிடையாது.

ஜூன் 14, சனி. சென்னை

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். இது நான்காவது சென்னைப் பயணம்.

வழக்கமாக எங்கே போனாலும் பொன்னுசாமிதான் கார் ஓட்டுவார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால். இவர் போனில் பேசிக்கொண்டே வருவார், நான் ஜன்னல் வழியாக ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போவேன். இந்த வாட்ச் பயணத்துக்கு மட்டும் பொன்னுசாமிக்கு லீவு. "வாட்ச்சுக் கடைக்குப் போனாங்க"ன்னு அவர் பவுண்டரியில் ஒரு வார்த்தை விட்டால் போதும், தீபாவளி போனஸ் பேசும்போது அந்த வாட்ச் வந்து மேசை நடுவில் உட்கார்ந்துகொள்ளும் என்று இவருக்குப் பயம். அதனால் தானே ஓட்டுகிறார். நான் முன்சீட்டில்.

வண்டி ஓட்டும்போது போன் எடுக்கமாட்டார். அது ஒரு நல்ல பழக்கம். சங்ககிரி தாண்டும்வரை ஒன்றும் பேசமாட்டார். அதற்கப்புறம் மெல்ல ஆரம்பிப்பார். இன்று, ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டுத் தானே போய் பம்பு வாங்கிவந்து கொடுத்து நல்ல பேர் எடுத்த கதையைச் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

வழியில் தலைவாசல் காய்கறிச் சந்தையில் நிறுத்தித் தக்காளி விலை கேட்டோம். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

கடையைப் பற்றி எழுதவேண்டும். குளிரூட்டிய பெரிய ஹால். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வாட்சுகள் விளக்கு வெளிச்சத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்ன அட்டை. பார்வைக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல. கோயில் மாதிரிதான், பார்க்கலாம், கும்பிடலாம், எடுத்துக்கொண்டு வரமுடியாது. எங்களைக் கவனிக்கிற பெண் மெல்பா, நாகர்கோவில்காரி, முப்பது வயதிருக்கும். நல்ல பெண். நான் கொண்டுபோகும் மைசூர்பாவை வாங்கக்கூடாது என்று கடையில் சட்டமாம். "மேடம், ஒண்ணே ஒண்ணு" என்று அங்கேயே நின்று வாயில் போட்டுக்கொள்வாள்.

இந்த முறை எனக்கு ஒரு பிரேஸ்லெட் வாங்கினார். போன முறை ஒரு லேடீஸ் வாட்ச். அதற்கு முந்தி ஒரு மேசைக் கடிகாரம். ஒன்றும் நான் கேட்டதில்லை. எல்லாம் அந்தப் பச்சை டயலுக்குப் போடுகிற படையல். இதில் இன்னொரு கூத்து. முதல் முறை பில் போடும்போது இவர், "பொம்பளைங்க சாமான ஆம்பள பேர்ல வாங்குனா வேற எவளுக்கோன்னு நெனச்சுக்குவாங்க" என்று என் பேரையும் என் போன் நம்பரையும் கொடுத்துவிட்டார். அதிலிருந்து கடைக் கணக்கில் வாடிக்கையாளர் நான்தான். பச்சை டயல் வாட்சுக்காக ஏங்கிக் காத்திருப்பதும் கோகிலவாணி என்கிற நான்தான். மெல்பா சிரித்துக்கொண்டே சொன்னாள், "வந்தா உங்களுக்குத்தான் மேடம் முதல் போன்."

ஜூன் 15, ஞாயிறு

திரும்பி வந்தாயிற்று. தக்காளி மூன்று கிலோ. துணி ஊறப்போட வேண்டும். அவர் சோபாவுக்குப் போய்விட்டார், வெள்ளைக்காரன் கையுறையை மாட்டிக்கொண்டுவிட்டான்.

ஜூலை 8, செவ்வாய்

ஒன்றுமில்லை. மூட்டுவலி. சனிக்கிழமை சென்னை என்பதால் புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன். இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று வேலைக்கு வருகிற சரசு கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் கேள்விதான்.

ஜூலை 26, சனி

சஞ்சீவி என்று ஒருவர் வீட்டுக்கே வந்திருந்தார். ரேஸ்கோர்ஸ் பகுதியில் ஒரு மாடியில் சின்ன ஆபீஸ், பலகைகூட இல்லையாம். கடையில் இரண்டு வருடம் காத்திருந்து வாங்குகிறவர்கள் சிலர், கட்டாமலேயே அடுத்த வாரம் சஞ்சீவியிடம் விற்றுவிடுவார்களாம். சஞ்சீவி அதைக் காத்திருக்க முடியாதவர்களுக்கு விற்பார். கறுப்புச் சந்தை இல்லையாம், பில் உண்டாம். வெள்ளை என்றும் சொல்லமுடியாதாம். அதனால் கிரே மார்க்கெட் என்று பேர். மைத்துனன் முறை கொண்டாடுகிறவர் மாதிரி சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து நன்றாகவே பேசினார்.

"பச்சை டயல் கையில இருக்குதுங்க சார். நாளைக்கே கட்டிக்கலாம். கடை வெலையில ரெண்டு பங்கு, அவ்வளவுதான்."

இவர் கண்ணில் ஆசை தெரிந்தது. காபியைக் கீழே வைத்துவிட்டு நான்தான் பேசினேன்.

"ரெண்டு பங்கு குடுத்து வாங்கறதுங்களா? கேக்கறவங்க சிரிக்கமாட்டாங்களாக்கும்?"

"சிரிக்கறதா? பொறாமைப்படுவாங்கம்மா."

"சென்னியப்பண்ணன் முதல்ல கேக்கற கேள்வியே, கடையில குடுத்தாங்களா, வெளியில வாங்குனயான்னுதான் இருக்கும். ஏனுங்க மாமா, அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

அது சரியான இடத்தில் பட்டது. இவர் முகம் மாறிவிட்டது. "ஆமா. கடையில கூப்பிட்டுக் குடுத்தாத்தான் அது வாட்ச்சு" என்றார். சஞ்சீவி கார்டை வைத்துவிட்டுப் போனார்.

பணம் வீணாகக்கூடாது என்பதற்காகத்தான் தடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி. சென்னை

மெல்பாவிடம் ஆடித் தள்ளுபடி உண்டா என்று கேட்டேன். இவர் என் முழங்கையைக் கிள்ளினார். வெளியே வந்து காரில் ஏறியபிறகும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

போகிற வழியில் ஆத்தூர் பக்கம் மழை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். கண்ணாடியெல்லாம் பனி படர்ந்துவிட்டது. அவர் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். கல்யாணமான புதிதில் பாடுவார். இன்னும் வரிகள் மறக்கவில்லை போலிருக்கிறது. மழை விட்டபிறகும் உடனே வண்டியை எடுக்கவில்லை.

மெல்பா இன்று சொன்னாள், "இன்னும் கொஞ்ச நாள்தான் மேடம், உங்க பேரு மேல வந்துடுச்சு." அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். நானும் சிரித்தேன். அப்புறம் ஓட்டல் அறையில் எனக்கு என்னவோ சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

மெல்பா போன் செய்தாள். சும்மாதான். சௌக்கியமா என்று கேட்டாள், சௌக்கியம் என்றேன். ரசத்தில் உப்பு கூடிவிட்டது. அவர் மோருக்கு மாறிவிட்டார்.

செப்டம்பர் 13, சனி

முந்தாநாள் எழுதியது பொய். சொந்த டைரியிலேயே பொய் எழுதுகிற ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

மெல்பா சும்மா கூப்பிடவில்லை. "மேடம், வந்துடுச்சு! பச்சை டயல். உங்க பேர் போட்டு எடுத்து வெச்சிருக்கேன். சனிக்கிழமை கடை மூடறதுக்குள்ள நீங்க நேர்ல வரணும். சார்ட்ட சொல்லுங்க, துள்ளிக் குதிப்பாரு" என்றாள்.

நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் புளி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "இப்ப வேண்டாம்மா" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அவளுக்குப் புரியவில்லை. "மேடம், இப்ப விட்டா மறுபடி எப்ப வரும்னு சொல்லமுடியாது." "பரவால்ல. வேற யாருக்காவது குடுத்துரும்மா" என்றேன்.

இரண்டு நாளும் அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாய் மூடிக்கொண்டது. இப்போது இரவு உணவு நேரம். சென்னையில் கடையை மூடியிருப்பார்கள்.

எழுதியே விடுகிறேன். வாட்ச் வந்துவிட்டால் சென்னை கிடையாது. சென்னை இல்லையென்றால் முன்சீட்டு கிடையாது, தலைவாசல் கிடையாது, கணக்கு வாத்தியார் சைக்கிள் கிடையாது. எனக்கு இவர் வேண்டும். இவ்வளவு வருடம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. மாதத்தில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. அதற்காக மீதி நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளை அந்தப் பெண் போனில் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

அவர் இப்போதும் அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். "இந்த மாசம் போன் வந்துரும்னு தோணுது வாணி" என்றார். நான் சாதத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சரஸ்வதி பூஜைக்குப் பவுண்டரியைச் சுத்தம் செய்கிறார்கள். சனிக்கிழமை சென்னை. மெல்பாவைக் கூப்பிட்டு, சாரிடம் சொல்லிவிடாதே என்று கேட்கவேண்டும். போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். ஒரு சின்னப் பெண்ணிடம், என் புருஷனிடம் மறைத்துவிடம்மா என்று எந்த வாயால் கேட்பது?

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

நான் மைசூர்பா டப்பாவைத் திறப்பதற்குள் மெல்பா சொல்லிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருக்கிறாள். "போன மாசம் மிஸ்ஸாயிடுச்சேன்னு எனக்கே கஷ்டமா இருந்துச்சு சார். மேடம் வேண்டாம்னு சொன்னதும் வேற கஸ்டமருக்குக் குடுக்க வேண்டியதாயிடுச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். "ஆமாங்க, தெரியும். அப்ப கொஞ்சம் சௌகரியப்படல" என்றார். அந்தப் பெண் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஓட்டலில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். இன்று காலை கிளம்பினோம். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினார். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு வாணி?"

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. "அது வந்துட்டா அப்பறம் நாம எங்க போவோம் மாமா?"

"எங்க வேணாலும் போலாம். யாரு வேண்டாம்னா?"

"வாட்ச்சுக்கு முன்னாடி என்னைய எப்பக் கூட்டிட்டுப் போனீங்க? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நான் பார்த்தேன். டீ ஆறிப்போனது. தம்ளரை வைத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். தலைவாசலில் நிறுத்தவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வீடியோவில் வந்தாள். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தோம். போனை வைத்ததும் அவர் எழுந்து போனார். போனஸ் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதாம், பொன்னுசாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நவம்பர் 9, ஞாயிறு

சஞ்சீவி பெட்டியோடு வந்தார். இவர் வாங்கிவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அழகான வாட்ச். பச்சை, இருட்டினால் கறுப்பாகிவிடுகிற பச்சை. பெட்டிக்குள் கம்பெனி அட்டையில் ஹைதராபாத்துக்காரர் யாரோ ஒருவருடைய பேர் இருக்கிறது. அவரும் எவ்வளவு நாள் காத்திருந்தாரோ. சஞ்சீவி கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் தாளைப் பிரிக்கவேண்டாம், பிரித்தால் விலை இறங்கும் என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். இவர் அதைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். வீடியோ பார்க்கவில்லை. வாட்சையும் பார்க்கவில்லை. டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

நல்லா இருக்குங்க மாமா என்றேன். உம் என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாணம். பொன்னுசாமிதான் ஓட்டினார், நாங்கள் பின்சீட்டில். மண்டபத்தில் சென்னியப்பன் அண்ணன் தூரத்திலிருந்தே மணிக்கட்டைப் பார்த்துவிட்டார். பந்தியில் என் எதிர் வரிசை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அட, பச்சை டயல்! கடையில குடுத்தாங்களா மாப்ள, இல்ல வெளியில வாங்குனயா?"

எனக்கு இலையில் இருந்த எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"கடையில குடுத்தாங்க. நாங்கதான் வேண்டாம்னுட்டோம். இது அப்பறமா வெளியில வாங்குனது" என்றார் இவர்.

பந்தியே சிரித்தது. யாரும் நம்பவில்லை. "கடையில குடுத்தத வேண்டாம்னு சொன்ன ஒரே ஆளு நம்ம தெய்வசிகாமணிதான்" என்று அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆமாம் கடையில்தான் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். இல்லை, பொண்டாட்டி கெடுத்துவிட்டாள் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் சொல்லாமல், அத்தனை பேர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு பாயசத்தை ஊற்றச் சொன்னார். நான் குனிந்து சாப்பிட்டேன். எனக்கு அழுகை வந்தது, அப்பளம் காரம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

டிசம்பர் 12, வெள்ளி

பவுண்டரி வேலையாகச் சென்னை போயிருக்கிறார். பொன்னுசாமி கூடப் போயிருக்கிறார். நான் கூடப் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. வீட்டில் ஒட்டடை அடித்தேன். மேசைக் கடிகாரத்தைத் துடைத்தேன். நின்றுபோயிருந்தது, சாவி கொடுத்தேன்.

பதினோரு மணிக்குப் போன்.

"வாணி, தலைவாசல்ல நிக்கறேன். தக்காளி நல்லாருக்குது. வாங்கட்டுமா?"

"போகும்போதே வாங்குனா சென்னை போயி வாறதுக்குள்ள நசுங்கிப் போயிருமுங்க."

"அதுவுஞ் சரிதான்."

போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. லாரிச் சத்தம் கேட்டது. யாரோ கத்திரிக்காய் விலையைக் கூவினார்கள். பிறகு, "பொன்னுசாமி பேசவே மாட்டேங்கறான். தூக்கம் தூக்கமா வருது" என்றார்.

தக்காளிக்காக இவர் எனக்குப் போன் செய்தது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 25, ஞாயிறு

இப்போதுதான் வந்தோம். குளிக்கக்கூட இல்லை, முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து, "காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும், சென்னை" என்றார். பொன்னுசாமியிடம் சொல்லியாச்சா என்று கேட்டேன். "அவனுக்கு லீவு குடுத்துட்டேன்" என்றார். போனஸ் எல்லாம் தீபாவளியோடு முடிந்துபோன சமாச்சாரம், இப்போது பொன்னுசாமியிடம் மறைக்க ஒன்றுமில்லை. பின்னே எதற்கு லீவு என்று நான் கேட்கவில்லை. இஸ்திரி போட நேரமில்லாமல் கைக்குக் கிடைத்த புடவையைக் கட்டிக்கொண்டேன்.

அவர் கையில் வாட்ச் இல்லை. லாக்கரில் வைத்துவிட்டாராம். சங்ககிரி தாண்டியது. பேச்சு ஆரம்பிக்கவில்லை. சேலம் தாண்டியபிறகு, கணக்கு வாத்தியார் கடைசியில் யார் காற்றைப் பிடுங்கியது என்று கண்டுபிடித்துவிட்டார் என்றும், ஆனால் பத்தாம் வகுப்பு முடிகிறவரை தெரியாத மாதிரியே இருந்தார் என்றும் சொன்னார்.

கடையில் மெல்பா எங்களைப் பார்த்துச் சங்கடப்பட்டாள். இவர் நேராக மூலையில் இருந்த பெட்டிக்குப் போனார். சின்ன வாட்ச். டயலில் ஒரு நிலா இருக்கிறது, நாள்தோறும் வளர்ந்து தேயுமாம். அதற்கும் பக்கத்தில் அதே அட்டை.

"இது வேணும்ங்க" என்றார்.

மெல்பா குரலைத் தாழ்த்தினாள். "சார், உங்ககிட்ட பொய் சொல்லக்கூடாது. இத உலகத்துக்கே கொஞ்சந்தான் செய்றாங்க. பத்து வருஷம் ஆகலாம். வராமலேயும் போகலாம்."

"பரவால்லைங்க. மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போறோம்."

"அப்ப பேரு, சார் பேருக்கு மாத்திடட்டுமா?"

"வேண்டாம். அவங்க பேரே இருக்கட்டும். போன் நம்பரும் அவங்களதே."

மெல்பா என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று திரும்பி வருகிறபோது விழுப்புரம் தாண்டித்தான் எனக்குப் பேச்சு வந்தது.

"ஏனுங்க மாமா, அந்த நிலா வாட்ச்சு நெசமாவே உங்களுக்குப் புடிச்சிருக்குதா?"

"புடிச்சிருக்குது."

"மெல்பா கூப்புட்டுட்டா?"

முன்னால் கரும்பு லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதை முந்திவிட்டுக் கேட்டார்.

"போன தடவ என்ன சொன்ன?"

"வேண்டாம்னு."

"அதையே சொல்லு" என்றார்.